மாற்றிப் பார்ப்பதா, ஸ்கேனரா, மீட்டரா? பழைய வண்டி சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாதபோது

தூத்துக்குடியில் 1996ஆம் வருடத்துச் சிறிய கார் ஒன்றை வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி. இரண்டு வருடத்துக்குள் அதற்குப் புது பேட்டரி போட்டேன், செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் கார்பன் பிரஷ் மாற்றினேன், இக்னிஷன் சுவிட்சையும் புதிதாக வாங்கிப் போட்டேன். மூன்று முறையும் கோளாறு போய்விட்டது. மூன்று முறையும் ஐந்தாறு வாரத்தில் திரும்பி வந்தது. காலையில் சாவியைத் தொட்டதும் ஓடும் வண்டி, மதிய வெயிலில் கடைக்குப் போய்விட்டு வந்து திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அப்படியே நிற்கும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

இப்படி விட்டு விட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் சொல்வார்கள். சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்ப்பது முதல் வழி. வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் மாட்டி, அது எழுதிவைத்த பிழைக் குறியீட்டை ('கோடு') எடுப்பது இரண்டாவது. மல்டிமீட்டரும் டெஸ்ட் லேம்பும் வைத்து அளப்பது மூன்றாவது. மூன்றையும் பார்த்துவிட்டேன். என் முடிவு மூன்றாவதுதான். ஆனால் மற்ற இரண்டுக்கும் உரிய இடம் இருக்கிறது. அது எங்கே என்று தெரியாமல் பணம் போவதுதான் எனக்கு வருத்தம்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செல்ஃப் சுற்றவே இல்லையா, அல்லது நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா? இரண்டையும் பொதுவாக 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்றே சொல்கிறோம். பட்டறையிலும் அப்படியே சொல்கிறோம். ஆனால் இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. முதலாவது பேட்டரி, கேபிள், சுவிட்ச், செல்ஃப் சம்பந்தப்பட்டது. இரண்டாவது தீப்பொறி, பெட்ரோல் சம்பந்தப்பட்டது.

மாற்றிப் பார்ப்பது

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம் என்பதால் இதுதான் அதிகம் நடக்கிறது. ஊரில் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் சத்தத்தைக் கேட்டே பாதி சொல்லிவிடுவார். 'டகடகடக' என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. சொலினாய்டு (செல்ஃபோடு இருக்கும் காந்த சுவிட்ச்) உள்ளே இழுத்துக்கொள்கிறது, அந்த நொடியே மோட்டார் கரண்டை உறிஞ்சுவதால் வோல்ட் சரிகிறது, பிடி விட்டுப்போகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு 'டக்' என்றால் சொலினாய்டின் காண்டாக்ட், கார்பன் அல்லது கனமான கேபிள்கள். சத்தமே இல்லை என்றால் சுவிட்ச் அல்லது சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர். இந்தக் காது பல வருடச் சம்பாத்தியம், அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் நிரந்தரக் கோளாறுக்குப் பொருந்தும் ஒரு விஷயம் விட்டு விட்டு வரும் கோளாறுக்குப் பொருந்தாது. நிரந்தரமாகச் செத்த வண்டியில் பாகத்தை மாற்றி அது ஓடினால், பழைய பாகம்தான் காரணம் என்று ஓரளவு நம்பலாம். என் வண்டியைப் போன்ற ஒன்றில் அப்படி நம்ப முடியாது. எந்தப் பாகத்தை மாற்ற வந்தாலும் மெக்கானிக் முதலில் செய்வது பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவது. அது சரியான பழக்கம்தான், செய்தே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கேபிளைக் கழற்றி, ஒதுக்கி வளைத்து வைத்து, வேலை முடிந்ததும் திருப்பி மாட்டி முறுக்கும்போது, அதில் எங்கோ இருந்த களிம்பு சற்று உரசி விலகிவிடுகிறது. வண்டி ஓடுகிறது. பாராட்டு புதுப் பாகத்துக்குப் போகிறது. களிம்பு மறுபடி ஏறும்வரைதான் அந்தப் பெருமை. என் வண்டியில் மூன்று முறை நடந்தது இதுவேதான்.

மாற்றிப் பார்ப்பது நியாயமாகும் இடங்களும் உண்டு. ரிலேவை, அதாவது சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எண் போட்ட ரிலே ஹாரனுக்கும் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிச் சொருகிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. கோளாறு ரிலேயோடு சேர்ந்து நகர்ந்து ஹாரன் அடிக்காமல் போனால், குற்றவாளி கையிலேயே இருக்கிறது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வந்த ஹோண்டா கார்களில் எரிபொருள் பம்ப்புக்கான மெயின் ரிலே இதற்குப் பெயர் போனது. உள்ளே ஈயப்பற்று வெடித்திருக்கும். வெயிலில் நிறுத்திய கார் சூட்டில் ஸ்டார்ட் ஆகாது, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிறிது ஆறினால் ஓடிவிடும். அதுபோல ஒரு மாடலில் பலருக்கும் தெரிந்த நோய் இருக்கும்போது அந்தப் பாகத்தை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனமே.

ஸ்கேனர்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கார்புரேட்டர் வண்டியில் மாட்டுவதற்கு இடமே இல்லை. ஸ்கேனர் மாட்டுவதற்கான பொது முறையான ஓபிடி-2 அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயமானது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிகளோடு 2010க்குப் பிறகு படிப்படியாக வந்தது. அதற்கு முந்தைய எம்பிஎஃப்ஐ வண்டிகளில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சுபவை) கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் கடையில் விற்கும் மலிவான ஸ்கேனர் அதனோடு பேசும் என்று சொல்ல முடியாது.

பேசும் வண்டியாக இருந்தாலும் செல்ஃப் கேபிளில் ஏறிய களிம்பு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வோல்ட் சரியும்போது அது சம்பந்தமில்லாத சென்சார்களின் பெயரில் கோடு எழுதிவைக்கும். அதை நம்பிச் சென்சார் வாங்கினால் மறுபடி முதல் வழிக்கே போய்விடுவோம். ஸ்கேனர் நிஜமாகவே மின்னும் இடம் வேறு. செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. அப்போது லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். சுற்றும்போது 200 அளவில் காட்ட வேண்டிய இடத்தில் 0 நின்றால், என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரிலோ அதன் ஒயரிலோதான் தேட வேண்டும். சூடானால் செத்து ஆறினால் பிழைக்கும் பாகங்களில் அது முக்கியமானது. இந்த ஒரு தகவலை அவ்வளவு விரைவாக வேறெந்தக் கருவியும் தராது. கோடு வந்தால் அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்து வெப்பம், வேகம் எல்லாம் அதோடு சேமிக்கப்பட்டிருக்கும், அழித்தால் அவையும் போய்விடும்.

மீட்டர்

500 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் வண்டி நிற்கும்போது பேட்டரியில் வைத்து 12.6 என்று பார்த்துவிட்டு, 'பேட்டரி ஜோர்' என்று மூடிவிடுகிறார்கள். 12.6 என்பது முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். இந்த அளவு பயனுள்ளதுதான், ஆனால் பாரம் இல்லாதபோது எடுத்தது. செல்ஃப் சுற்றும்போது அதே பேட்டரி 9.6க்குக் கீழே சரிந்தால், நிற்கும்போது எவ்வளவு காட்டினாலும் அதற்கு வயதாகிவிட்டது.

ஒயரை அளக்கும்போதும் இதே தவறு நடக்கிறது. மீட்டரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு கம்பியிழை மிச்சம் இருக்கும் கேபிளும் 'நல்லது' என்றே காட்டும். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. 150 ஆம்பியர் போகும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கே காணாமல் போய்விடும். அந்த 0.02 ஓமைச் சாதாரண மீட்டரால் பார்க்கவே முடியாது. மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. அதனால் ஓமை விட்டுவிடுங்கள். கரண்ட் ஓடும்போது வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடுங்கள்.

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். என்ஜின் பிடிக்காதபடி, தீப்பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றி வையுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழின் மேல் வையுங்கள். கிளாம்பின் மேல் அல்ல, ஈயக் குமிழின் மேலேயே. இன்னொரு முனையை என்ஜினின் சுத்தமான உலோகத்தில் அழுத்துங்கள். ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, நன்றாக இருக்கிறது. அடுத்து பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃபின் கனமான போல்ட் வரை, இது 0.5க்குள் இருக்க வேண்டும். கடைசியாகச் சொலினாய்டின் மெல்லிய ஒயர், பல செல்ஃப்களில் 50 என்று எண் போட்டிருக்கும். சாவி திருப்பியிருக்கும்போது பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் இக்னிஷன் சுவிட்சிலோ வழியிலோ இழப்பு இருக்கிறது. பழைய வண்டியில் சுவிட்சை மட்டும் மாற்றுவதைவிட, செல்ஃபுக்கு அருகில் ஒரு ரிலே வைத்துவிடுவது நீண்ட காலத்துக்கு உதவும்.

கோளாறு இல்லாத நேரத்தில் இதெல்லாம் எல்லை ஓரத்திலேயே காட்டும். என் வண்டியில் காலையில் எர்த் பக்கம் 0.4 வந்தது. சந்தேகத்துக்கு இடம் கொடுத்ததே தவிர உறுதி செய்யவில்லை. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் வண்டி ஒழுங்காக ஓடும் என்பதால் மீட்டரை வண்டியிலேயே விட்டுவைக்க முடிவு செய்தேன். பேட்டரி நெகட்டிவ் குமிழிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், என்ஜின் போல்ட்டிலிருந்து இன்னொன்று, இரண்டையும் பானட் ஓரமாக உள்ளே கொண்டுவந்து மீட்டரைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். பாசிட்டிவ் பக்கத்தை இப்படி அளப்பதானால் பேட்டரி முனையிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக்கொள்ள வேண்டும், உரசித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

நான்கு நாள் அப்படியே ஓட்டினேன். நான்காம் நாள் மதியம் பழைய துறைமுகச் சாலையில் டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். 'டக்'. மீட்டரில் 6.8. சாவியை விட்டேன், 0. மறுபடி திருப்பினேன், 6.8. ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன், சாவியைத் திருப்பும்போதும் பெரிதாக மங்கவில்லை. பேட்டரி குற்றமற்றது. பாதிக்கு மேற்பட்ட வோல்ட் செல்ஃபுக்குப் போய்ச் சேராமல் எர்த் வழியிலேயே தங்கிவிடுகிறது. பானட்டைத் திறந்து, நெகட்டிவ் குமிழிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கேபிளைக் கையால் நீவிக்கொண்டே போனேன். கியர்பாக்ஸ் முனையில் லக்கை (கேபிளின் முனையில் இருக்கும் உலோக வளையம்) ஒட்டிய இடம் சுட்டது. அதே நேரத்தில் ஆக்சிலரேட்டர் கேபிளும் வெதுவெதுப்பாக இருந்தது. எர்த் வழி அடைபட்டால் கரண்ட் இப்படி வேறு வழியாக, ஆக்சிலரேட்டர், கிளட்ச் கேபிள்களின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வழியாக, பாடிக்குத் திரும்பப் பார்க்கும். இந்தக் கேபிள்கள் காரணமில்லாமல் உருகிப்போன வண்டியில் முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்க அந்த லக் பளபளப்பாகத்தான் இருந்தது. ரப்பர் உறையை அரை அங்குலம் கீறிப் பார்த்தபோது உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. கடற்கரை ஊரின் உப்புக்காற்று லக்கின் வாய் வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது பக்கத்திலேயே இருந்த இந்த லக்கும் அசைந்து, கொஞ்ச நாள் நன்றாக நடித்திருக்கிறது.

டெஸ்ட் லேம்புக்கும் ஓர் இடம் உண்டு. இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்தால் அது தயார். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும் என்பதால், மீட்டரில் 12 காட்டிவிட்டுப் பாரம் வந்ததும் படுத்துவிடும் ஃபியூஸ் பாயிண்ட்டையும் சுவிட்சையும் மங்கி எரிந்தே காட்டிக்கொடுக்கும். செல்ஃபின் கனமான கேபிளுக்கு மட்டும் இந்தப் பாரம் போதாது.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காத வண்டி

இங்கே மீட்டர் இரண்டாம் இடத்துக்குப் போகிறது. கார்புரேட்டர் வண்டியானால் ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. அடுத்து ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை ஒயரில் சொருகி, பெட்ரோல் ஆவியிலிருந்து தள்ளி, என்ஜின் உலோகத்தில் தொடும்படி வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். நீலமாகப் பொறி வந்தால் தீப்பொறி பக்கம் சரி. இந்த இரண்டையும் வண்டி நின்ற இடத்திலேயே, அது நிற்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும். வீட்டுக்குத் தள்ளிவந்து ஆறிய பிறகு செய்தால் ஒன்றும் தெரியாது.

சாவியைத் திருப்பும்போது பிடித்து, கையை விட்டதும் அணைந்தால், காயிலுக்கு முன்னால் இருக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். அது உள்ள வண்டிகளில் செல்ஃப் அடிக்கும் நேரம் மட்டும் கரண்ட் அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகிறது. சூட்டில்தான் வருகிறது என்று சந்தேகம் இருந்தால், காயில்மேல் ஈரத்துணியைச் சுற்றி ஆறவிட்டுப் பாருங்கள். ஒயர்முனைகள் நனையக் கூடாது. வீட்டிலிருந்தால் தலை உலர்த்தும் கருவியால் காயிலை இயக்கும் இக்னிஷன் மாட்யூலைச் சூடாக்கிக் கோளாறை வரவழைக்கவும் முடியும். எம்பிஎஃப்ஐ வண்டியானால் சாவியை ஆன் செய்ததும் பின்னால் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அது கேட்டும் பிடிக்கவில்லை என்றால் ஸ்கேனரை எடுங்கள்.

ஆக, செல்ஃப் சுற்றாத வண்டிக்கு மீட்டர். சுற்றியும் பிடிக்காத எம்பிஎஃப்ஐக்கு ஸ்கேனர். ரிலேவுக்கும், பாரத்தில் சரியும் ஐந்து வயது பேட்டரிக்கும் மாற்றிப் பார்த்தல். பட்டறையில் விடுவதானாலும் செல்ஃபைக் கழற்றுவதற்கு முன் எர்த் பக்க வோல்ட் இழப்பை அளந்து எண்ணைச் சொல்லும்படி கேளுங்கள். நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அது ஐந்து நிமிட வேலை.

எனக்குப் புதுக் கேபிளும் லக்கும் சேர்த்து 350 ரூபாய் ஆனது. லக்கை அழுத்திப் பிடித்து ஈயம் வைத்து, அதன் வாயைச் சூடாக்கினால் சுருங்கும் பசையுள்ள குழாயால் மூடினேன். கியர்பாக்ஸில் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெண்மை தெரியத் தேய்த்து, முறுக்கிய பிறகு வாசலின் பூசினேன். அன்று செல்ஃப் அடித்தபோது எர்த் பக்கம் 0.08 வோல்ட். போன மாதம் மதிய வெயிலில் மறுபடி அளந்தேன், 0.09.