வரைமேசைக்கு அருகே ஒரு கேமரா: ஜிப்லி பற்றிய ஆவணப்படம்

ஜப்பானிய அனிமேஷனான அனிமே குறித்து வரும் ஆவணப்படங்களில் பல, புகழ்பெற்ற காட்சிகளை வெட்டி ஒட்டி, இடையிடையே ரசிகர்களையும் விமர்சகர்களையும் பேசவிட்டு முடிந்துவிடுகின்றன. ஒரு படம் எப்படி உருவாகிறது என்று அறியும் ஆவலோடு உட்காருபவருக்கு அவற்றில் கிடைப்பது சொற்பம். அந்த ஏக்கத்தைப் பெருமளவு தீர்த்துவைத்த படம், மாமி சுனாதா இயக்கி 2013 நவம்பரில் ஜப்பானில் வெளியான ‘தி கிங்டம் ஆஃப் ட்ரீம்ஸ் அண்ட் மேட்னஸ்’. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும் இப்படம், தோக்கியோவின் கொகனேய் பகுதியில் இயங்கும் அனிமே நிறுவனமான ஸ்டுடியோ ஜிப்லிக்குள் நம்மை அழைத்துச் சென்று, அவசரப்படாமல் உட்காரவைக்கிறது.

படப்பிடிப்பு நடந்த காலம் அபூர்வமானது. 1985இல் ஜிப்லி தொடங்கியதிலிருந்து அதன் தூண்களாக இருந்த இயக்குநர்கள் ஹயாவோ மியாசாகியும் இசாவோ தகாஹாத்தாவும் அப்போது ஆளுக்கொரு படத்தில் மூழ்கியிருந்தார்கள். 1988இல் இருவரின் படங்களும் ஒரே நாளில் திரைக்கு வந்ததைப் போல, ‘தி விண்ட் ரைசஸ்’, ‘பிரின்சஸ் ககுயா’ ஆகிய இரண்டையும் ஒன்றாக வெளியிடத்தான் திட்டமிட்டிருந்தார்கள். மியாசாகியின் படம் 2013 ஜூலையில் வந்துவிட, தகாஹாத்தாவின் படம் நவம்பருக்குத் தள்ளிப்போயிற்று. இவ்விருவருக்கும் நடுவில் நின்று சமாளிக்கும் தயாரிப்பாளர் தொஷியோ சுசுகி, படத்தில் மூன்றாவது நாயகன் என்றே சொல்லத்தக்கவர்.

இப்படத்தில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது, மியாசாகி ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாகத் திட்டமிடும் ஓவியங்கள், வரையும் பகுதிகளைத்தான். ஏப்ரன் அணிந்து மேசைமுன் அமர்ந்திருக்கும் அந்த முதியவர், ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டுக் கண்களை மூடிக்கொள்கிறார். மனத்திரையில் காட்சி ஓடி முடிந்ததும் மீண்டும் அழுத்தி, அது எத்தனை நொடி என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார். ஸ்டோரிபோர்டு முழுமையடையுமுன்பே ஓவியர்கள் தொடக்கக் காட்சிகளை வரைந்துகொண்டிருக்க, கதை எப்படி முடியும் என்பது இயக்குநருக்கே பிடிபடாமல் இருக்கிறது. அந்தப் பதற்றத்தைச் சுனாதா விளக்கவுரையாகச் சொல்லாமல், மியாசாகியின் முதுகையும் விரல்களையும் காட்டியே உணரவைக்கிறார். நேர்காணல் என்று தனியே உட்காரவைக்காமல், வேலைக்கு நடுவே மெல்லிய குரலில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் அவருடைய பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

‘தி விண்ட் ரைசஸ்’ நாயகனின் குரலுக்கு ஆள் தேடும் காட்சியும் அருமை. நடிகரல்லாத, அனிமே இயக்குநரான ஹிதேயாகி அன்னோவின் பெயர் அடிபட்டதும், வேடிக்கையாகத் தொடங்கிய பேச்சு மெல்ல மெல்லத் தீவிரமாகி, மியாசாகியின் முகத்தில் ஒரு மலர்ச்சி படர்வதைக் கேமரா விடாமல் பிடித்திருக்கிறது. 1984இல் வந்த ‘நௌசிகா’வில் மியாசாகியிடம் வரைந்த இளைஞர்தான் இந்த அன்னோ என்பதை அறிந்தவருக்கு அக்காட்சி இன்னும் நெருக்கமாகும்.

குறைகளும் உண்டு. ஜிப்லியின் வரலாறு தெரியாதவருக்கு யார் யார் என்பதே சற்றுக் குழப்பும். படம் நெடுகத் தகாஹாத்தா பேச்சில் வருகிறாரே தவிர, நேரில் மிகக் குறைவாகவே தென்படுகிறார். மியாசாகி அவரைப் பற்றிப் பேசுகையில் வெளிப்படும் அன்பும் ஆற்றாமையும் அந்த வெற்றிடத்தைக் கொஞ்சம் நிரப்பினாலும், அவருடைய படம் எப்படி உருவாயிற்று என்பது நமக்குக் கிட்டுவதில்லை. இரவும் பகலும் வரையும் ஓவியர்களையும் இன்னும் பேசவிட்டிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இதைப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ‘தி விண்ட் ரைசஸ்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் பலன் இரட்டிப்பாகும். 2013 செப்டம்பரில் ஓய்வை அறிவிக்கும் செய்தியாளர் சந்திப்புக்குச் சற்றுமுன், மியாசாகி சுனாதாவை ஜன்னலருகே அழைத்து, எதிரே தெரியும் கூரைகளைச் சுட்டிக்காட்டுகிறார். இந்தக் கூரையிலிருந்து அதற்குத் தாவி, அந்தச் சுவரைக் கடந்து, குழாயைப் பிடித்து ஏறினால் எப்படியிருக்கும் என்று அவர் விரல் நகர நகர, அதுவரை சாதாரண நகரமாகக் கிடந்த அந்தக் கட்டடங்களின்மேல் யாரோ ஓடுவது நம் கண்ணுக்கும் தெரியத் தொடங்குகிறது.