சுவிஸ் ட்ரவல் பாஸ்: கடைசி நேரத்தில வெளிக்கிடுற குடும்பத்துக்கு சரி வருமா?

முதல்லயே சொல்லிப்போடுறன், சுவிஸ் ட்ரவல் பாஸ், அதாவது சுவிஸுக்குள்ள ரெயில், பஸ், படகு எண்டு நாள்க் கணக்குக்கு ஓடித்திரியிற ஒரே டிக்கெட், மலிவான சாமான் இல்ல. ஆனா எங்கள மாதிரி வீசா கைக்கு வந்து, ஓகஸ்ட் லீவும் தொடங்கப் போற நேரத்தில ஓடுப்பட்டு வெளிக்கிடுற ஆக்களுக்கு இதைவிட நிம்மதியான ஒண்ட நான் காணேல்ல. திருகோணமலையில தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் "எவ்வளவு முடிஞ்சது, பாஸ் எடுக்கத்தான் வேணுமோ" எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம், அதால இருந்து எழுதுறன்.

வீசாவப் பற்றி ரெண்டு வார்த்தை, ஏனெண்டா லாஸ்ட் மினிட் எண்டுறது அதுக்குப் பிறகுதான். போற திகதிக்கு 6 மாசம் முதலே அப்ளை பண்ணலாம், குறைஞ்சது 15 நாளாவது முதல் குடுக்கோணும், 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் வேணும், 2024 ஜூனில இருந்து பெரியாக்களுக்கு கட்டணம் 90 யூரோ. 12 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்கு கைரேகை எடுக்கிறேல்ல. கொழும்புக்கு இரவு பஸ்ஸில போய் குடுத்திட்டு வாறதுதான், அதில எழுத வேற ஒண்டும் இல்ல. வீசாவுக்கு முதல் சுத்துறதுக்கு காசு கட்டி வைக்கிறதுக்கு எனக்கு மனம் வரேல்ல, அதால வீசா வந்த பிறகுதான் எங்க எங்க போறது எண்டே யோசிக்கத் தொடங்கினம்.

அப்பதான் டவுனில ஒரு ட்ரவல் ஏஜென்சிக்குப் போனம், பேர் வேண்டாம். பெரிய பஸ்ஸில ஏத்தி பரிஸ், சுவிஸ், மிலான் எண்டு ஒரு பக்கேஜ காட்டிச்சினம், ஒரு மலை, ஒரு ஏரி, மிச்சம் முழுக்க ஹைவே. பேர்ன்ல அக்கா வீடு இருக்கு, ஹொட்டல் வேண்டாம், எங்களுக்கு அங்க ஓடித்திரியத்தான் வழி வேணும் எண்டு சொன்னா, அந்த பாஸ் எல்லாம் சீசனுக்கு முடிஞ்சு போச்சு, இப்ப கிடைக்காது, இண்டைக்கே அட்வான்ஸ் கட்டினா பக்கேஜில சீற் பிடிச்சுத் தரலாம் எண்டினம். இவர் அட்வான்ஸ் கட்டவே வெளிக்கிட்டிட்டார். நான் வெளியில வந்து அக்காவுக்கு கோல் எடுத்தா அவ சிரிக்கிறா, "அடியே அது சினிமா டிக்கெட்டோ முடிஞ்சு போக?" எண்டு.

உண்மை அதுதான். இந்த பாஸுக்கு இத்தனை பேருக்குத்தான் எண்டு கணக்கில்ல, கிட்டத்தில வாங்கினா விலை ஏறுறதும் இல்ல. ஆறு மாசத்துக்கு முதல் வாங்கினவருக்கும், முதல் நாள் இரவு வாங்கினவருக்கும் அந்த வருசத்து விலை ஒண்டுதான். அங்க ஓன்லைனில சேவர் டே பாஸ் எண்டு ஒரு நாள் டிக்கெட்டும் இருக்கு, 2024ல அது 52 பிராங்கில தொடங்கினது, முந்தி எடுக்கிறவனுக்கு நல்லம், ஆனா நாள் கிட்ட வர வர விலை ஏறிக்கொண்டு போகும், திகதியும் முதலே பிடிக்கோணும். கடைசி நேரத்தில நிக்கிற எங்களுக்கு அது சரிவரேல்ல.

விலைக்கு வருவம். 2024 விலைப்பட்டியல்ல இரண்டாம் வகுப்பு 3 நாள் பாஸ் 244 பிராங்க், 8 நாள் பாஸ் 419. பிரிச்சுப் பாத்தீங்களெண்டா 3 நாளுக்கு ஒரு நாள் 81 பிராங்க் போல வருது, 8 நாளுக்கு 52. நாள் கூடக் கூட ஒரு நாளின்ட விலை விழுந்துகொண்டு போகும், அதால மூண்டு நாளுக்கு எண்டு எடுக்கிறதில பெரிய லாபம் இல்ல. இப்பத்தைய விலைய வாங்க முதல் ஒருக்கா அவங்கட சைட்டில பாத்துக்கொள்ளுங்கோ. 25 வயசு ஆகாத ஆக்களுக்கு 30 வீதம் குறைவு, கம்பஸ் படிக்கிற பிள்ளையளோட போறவைக்கு அது பெரிய உதவி. வயசு போன ஆக்களுக்கு எண்டு தனிக் கழிவு இல்ல, அம்மாவுக்கு முழுக்காசு கட்டினம், அது கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

குடும்பமாப் போறவைக்கு இதில உள்ள பெரிய விசயம் பமிலி கார்ட். 6 வயசில இருந்து 16வது பிறந்தநாள் வரைக்கும் உள்ள பிள்ளையள் தாயோட அல்லது தகப்பனோட போனா ஒரு சதம் கட்டத் தேவையில்ல, 6க்குக் கீழ எண்டா கார்டே தேவையில்ல. பாஸ் வாங்கேக்க பிள்ளையளின்ட பேரையும் பிறந்த திகதியையும் குடுத்தா சும்மாவே தருவாங்கள். எங்கட மூத்தவனும் சின்னவளும் ஒரு பிராங்க் இல்லாமத்தான் நாடு முழுக்க சுத்தினதுகள். ஆனா தாய் தகப்பன் ரெண்டு பேரில ஒராள் கூட இருக்கோணும். "நீங்க ரெண்டு பேரும் ஆறுதலா வாங்கோ, நான் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு முன்னுக்குப் போறன்" எண்டு அம்மம்மா வெளிக்கிடேலாது, அப்பிடிப் போனா பிள்ளையளுக்கு அரை டிக்கெட் எடுக்கோணும்.

வாங்கினது இங்க திருகோணமலையில இருந்துதான். கார்ட்டால ஓன்லைனில கட்டினா மெயிலுக்கு கியூஆர் கோட்டோட வருது, கோயிலடிப் பக்கம் ஒரு கொமினிகேஷனில பிரிண்ட் எடுத்தம், போனிலயும் வைச்சுக்கொண்டம். பேர் பாஸ்போட்டில உள்ள மாதிரியே இருக்கோணும், எங்கட தகப்பன் பேர் முன்னுக்கு வாற பேருகளோட இதில கவனம். சுவிஸிலயும் லீக்டன்ஸ்டைனிலயும் வதிவிடம் உள்ள ஆக்களுக்கு இது குடுக்கிறேல்ல, அதால அக்காவும் அத்தானும் எங்களோட வரேக்க அரை விலைக்கு டிக்கெட் எடுக்கிற தங்கட ஹால்ப்தாக்ஸ் கார்ட்டோட தனியா டிக்கெட் எடுத்துத்தான் வந்தவை.

இப்ப உண்மையான பிரயோசனத்துக்கு வாறன். அல்ப்ஸ் மலையில காலமை என்ன மழை, எங்க வெயில் எண்டு ஆருக்கும் முதலே தெரியாது. முதலே புக் பண்ணினவன் மழையில மலை உச்சிக்குப் போய் வெள்ளையா ஒரு சுவரப் பாத்திட்டு வருவான். எங்கட வழக்கம் என்னெண்டா, எழும்பி தேத்தண்ணியோட அந்தந்த மலையின்ட வெப்காமப் பாக்கிறது. முகில் எண்டா வேற இடம். ஒரு நாள் ரிகி மலைக்கு எண்டு இடியப்பம் எல்லாம் கட்டி வைச்சிட்டு பாத்தா ஒண்டும் தெரியேல்ல, பேர்ன்லயும் சரியான மழை. அத்தான் சொன்னார், வடக்கால மழை எண்டா மலைக்கு அங்கால தெற்கில அனேகமா வெயில் இருக்கும், லுகானோவுக்குப் போங்கோ எண்டு. அப்பிடியே லூசேர்னில மாறி ஏறினம். கோத்தாட் அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீற்றர், 2016ல திறந்தது, உலகத்திலயே நீளமான ரெயில் சுரங்கம், இருட்டுக்குள்ள இருபது நிமிசம் போல போய் வெளியில வந்தா வானம் நீலம், வீடுகளின்ட கூரை வேற, போர்ட்டுகள் எல்லாம் இத்தாலி மொழி. லுகானோ ஏரிக்கரையில பனை மாதிரி மரங்களும் எரிக்கிற வெயிலும், இங்க கச்சான் காத்து அடிக்கிற நேரம் மாதிரித்தான், அம்மா உடன ஸ்வெற்றரக் கழட்டிப்போட்டா.

வரேக்க சுரங்கத்தால வரேல்ல, பழைய மலைப்பாதையால வந்தம். நேரம் கூட, ஆனா அதுதான் வடிவு. வாசன் எண்ட ஊரில ஒரு சின்ன வெள்ளைச் சேர்ச் இருக்கு, ரெயில் மலைக்குள்ளால வளைஞ்சு வளைஞ்சு இறங்கிறதால அந்த ஒரு சேர்ச்ச மூண்டு தரம், மூண்டு உயரத்தில இருந்து பாக்கலாம். சின்னவள் முதல் தரம் கீழ கண்டவள், பிறகு நேரா, பிறகு தலைக்கு மேல, "அம்மா இது அதே சேர்ச்சோ இல்ல வேறயோ" எண்டு கண்ணாடியில மூக்க ஒட்டிக்கொண்டு நிண்டவள். இந்த முழுப் பயணத்துக்கும் நாங்கள் ஒரு டிக்கெட் கவுண்டரிலயும் போய் நிக்கேல்ல, கொண்டக்டர் வந்தா கோட்டக் காட்டினது மட்டும்தான். இதுக்குத்தான் காசு.

ரிகிக்கு பிறகு நல்ல வெயில் நாளில போனம். லூசேர்னில இருந்து விட்ஸ்னாவுக்கு படகு ஒரு மணித்தியாலம், படகும் பாஸுக்குள்ள, விட்ஸ்னாவில இருந்து மேல போற பல்லுச்சக்கர ரெயிலும் பாஸுக்குள்ள. 1871ல தொடங்கின பாதை, ஐரோப்பாவிலயே முதல் மலை ரெயில் அதுதான். ஏலுமெண்டா அந்த ஏரியில ஓடுற பழைய நீராவிக் கப்பல் ஒண்டில ஏறுங்கோ, 1901ல கட்டின ஊரி எண்ட கப்பல் இண்டைக்கும் ஓடுது. நடுவில இஞ்சின் மூடாமக் கிடக்கு, கம்பிய பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு பாக்கலாம், எண்ணெய் பூசின இரும்புத் தண்டுகள் மேலும் கீழும் போக பக்கத்தில பெரிய சில்லு தண்ணிய அடிக்குது, முகத்தில சூடு அடிக்கும். எங்கட பழைய மூதூர் லோஞ்ச் மாதிரி மணக்குது எண்டு இவர் அந்த இடத்த விட்டு அசையேல்ல, வெளியில ஏரியும் மலையும் போய்க்கொண்டிருக்கு, மனுசன் இஞ்சினப் பாத்துக்கொண்டு நிக்கிறார். இறங்கேக்க மற்றப் பக்கம் நீல ரெயிலில ஆர்த் கோல்டாவுக்கு இறங்கினம், வந்த வழியாலயே திரும்பத் தேவையில்ல. ஸ்டான்ஸர்ஹோர்ன், ஸ்டூஸ் மலையளும் இப்பிடி முழுசா பாஸுக்குள்ளதான்.

இனி குறையள். பாஸ் எண்டா எல்லாம் சும்மா எண்டு நினைக்காதேங்கோ. எல்லாரும் கேக்கிற யுங்ஃபிராவ்யோக், 3,454 மீற்றர், அதுக்கு கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைக்கும்தான் பாஸ், அங்கால 25 வீதம் கழிவு மட்டும். கோடை சீசனில முழு டிக்கெட் 200 பிராங்குக்கு மேல போகும், கழிவு போயும் கை கடிக்கும், நாங்கள் போகேல்ல. பிள்ளையளுக்கு பனி பாக்கோணும் எண்டதால டிட்லிஸ் மலைக்குப் போனம், அங்க 50 வீதம் கழிவு, எங்கல்பேர்க் வரைக்கும் ரெயில் பாஸில, மேல சுத்திக்கொண்டு ஏறுற கேபிள் கார் இருக்கு, ஓகஸ்டிலயும் காலுக்குக் கீழ ஐஸ். என்ட கணக்குக்கு அது போதும்.

பெர்னினா எக்ஸ்பிரஸ், கிளேசியர் எக்ஸ்பிரஸ் மாதிரி பெரிய கண்ணாடி ரெயிலுகளுக்கு பாஸ் இருந்தாலும் சீற்றுக்கு தனியா காசு கட்டி புக் பண்ணோணும், கோடையில அது கெதியா நிரம்பும். இதில மட்டும் கடைசி நேர ஆக்களுக்கு இடி. ஆனா அதே தண்டவாளத்தில சாதாரண ரெயிலும் ஓடுது, அதுக்கு புக்கிங் தேவையில்ல, மலையும் அதேதான். பாஸ் பெரும்பாலும் சுவிஸ் எல்லையோட சரி, இத்தாலிப் பக்கம் கோமோ ஏரிப் படகுக்கு எல்லாம் இது உதவாது.

பேர்ன் ட்ராம், பஸ் எல்லாத்துக்கும் பாஸ் செல்லும், மியூசியமும் 500க்கு மேல. அம்மா மியூசியத்துக்கு வரமாட்டா, ஆனா யூரோப்பாபிளாட்ஸில இருக்கிற சைவநெறிக்கூடத்துக்கு ட்ராமில தனியா போய் வரப் பழகிட்டா, மசூதி, விகாரை, சேர்ச் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள்ள, அதுக்குள்ள எங்கட கோயில். மலை ஏறின கதைய விட இங்க வந்து அதைத்தான் ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறா.

சாப்பாட்டுக்கு மலைக்கு மேல கை வைக்காதேங்கோ, அக்கா வீட்டு ரோல்ஸும் புளிச்சாதமும் ரெயிலுக்க வைச்சே சாப்பிட்டம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. ஊர்க் குழாயளில வாற தண்ணி குடிக்கலாம், போத்தில் கொண்டு போங்கோ. ஞாயிற்றுக்கிழமை கடையள் பூட்டு, பெரிய ஸ்டேஷனுகளுக்குள்ள உள்ளது மட்டும் திறந்திருக்கும்.

ஆருக்கு வேண்டாம் எண்டா, சொந்தக்காரர் வீட்டில இருந்து கல்யாணம், சாமத்தியவீடு பாத்து நடுவில ஒரு ரெண்டு இடம் போற ஆக்களுக்கு இது வீண் காசு, அவை தனித்தனி டிக்கெட் எடுக்கலாம். காரில கூட்டிக்கொண்டு திரிய ஆள் இருந்தாலும் தேவையில்ல, ஆனா அத்தான்மாருக்கும் வேலை இருக்கு எண்டத யோசியுங்கோ. நடுவில நடுவில வீட்டில நிக்கப் போறவை பிளெக்ஸ் பாஸ் எடுக்கோணும், ஒரு மாசத்துக்குள்ள விரும்பின நாளில பாவிக்கலாம், கொஞ்சம் விலை கூட. சாதாரண பாஸ் தொடர்ந்து ஓடும், தொடங்கினா நிக்காது, அதால சூரிச்சில இறங்கிற அண்டைக்கே தொடங்க விடாதேங்கோ, அந்த நாள் எப்பிடியும் நித்திரையிலதான் போகும். எயார்போட்டில இருந்து வீட்டுக்குப் போக ஒரு டிக்கெட் தனியா எடுங்கோ, இல்லாட்டி அத்தான வரச் சொல்லுங்கோ.