குளிர் அறையா, விசிறியும் தண்ணீருமா? ஷோ ஸ்டியருக்கு முடி வளர்க்கும் இரண்டு வழிகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) அளவிலான கண்காட்சிகள் பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். மாநிலக் கண்காட்சி ஆகஸ்டில், டெ மொயின் நகரில். மாடு முடி உதிர்த்து மொழுமொழுவென்று நிற்கும் பருவம் அது. அந்த நேரத்தில்தான் ஸ்டியருக்கு, அதாவது காயடித்த இளங்காளைக்கு, கம்பளி போர்த்தியதுபோல் முடி இருக்கவேண்டும் என்று ஷோ உலகம், அதாவது நடுவர் முன் மாடுகளை நிறுத்திப் போட்டியிடுகிறவர்களின் உலகம், எதிர்பார்க்கிறது. காரணம் அழகு மட்டுமல்ல. முடி நிமிர்ந்து நின்றால் கால் எலும்பு தடிமனாகத் தெரியும். கத்தரிக்கும் கை தேர்ந்ததாக இருந்தால் முதுகுக்கோடு நேராகும், பின்தொடை நிறைந்து தெரியும்.

நம் காங்கேயம் காளைக்கு உடம்போடு ஒட்டிய குட்டை முடிதான். வெயிலுக்கு அதுவே வசதி. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மகள் 4-ஹெச் என்ற இளையோர் அமைப்பில் சேர்ந்து மெய்ன்-ஆன்ஜூ என்ற மாட்டினத்தின் கலப்புக் கன்று ஒன்றை வளர்க்க ஆரம்பித்தபோது எல்லாமே புதிதாக இருந்தது. எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஏசி வைத்த குளிர் அறை. மற்றொன்று, நிழல், பெரிய விசிறி, தினமும் தண்ணீர், தினமும் பிரஷ். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று நினைக்கவேண்டாம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. டெக்சஸில், ஹூஸ்டன் போன்ற பெரிய ஷோக்களில் ஸ்டியரின் முடியை ஒட்ட வெட்டித்தான் கொண்டுவர வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

மாட்டின் முடிக்கு முதல் சமிக்ஞை பகலின் நீளம். பகல் குறையக் குறைய உடம்பு குளிர்கால முடியை வளர்க்கும். பகல் நீண்டால் உதிர்க்கும். குளிர்ச்சி இதற்குத் துணை. வெளிச்சூடு புகாமல் காப்பிட்ட சுவருக்குள், விளக்கை அணைத்து, சுமார் 5 முதல் 10 டிகிரி செல்சியஸில் பகல் முழுக்க மாட்டை வைத்திருந்தால், ஜூன் மாதத்திலும் அதன் உடம்பு நவம்பர் என்று நம்பிவிடும். முடியின் நீளத்தை மட்டும் பார்த்தால் குளிர் அறைக்குத்தான் வெற்றி. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை பராமரிப்பில். ஒரு ஸ்டியர் 1,300 பவுண்டைத் தொடும் மிருகம். மூடிய அறைக்குள் அது போடும் சாணமும் மூத்திரமும் சில மணி நேரத்தில் கண்ணைக் கரிக்கும் அம்மோனியாவாகிவிடும். காற்றை வெளியேற்றினால் காசு கொடுத்து வாங்கிய குளிரும் சேர்ந்து போகும். வெளியேற்றாவிட்டால் ஈரம் தங்கி, படர்தாமரை பிடிக்கும். அது மனிதருக்கும் ஒட்டும். படர்தாமரை உள்ள மாட்டைக் கண்காட்சிக் கால்நடை மருத்துவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். ஏசியின் வடிகட்டியில் முடியும் தூசியும் அடைத்துக்கொள்ளும், விடாமல் சுத்தம் செய்யவேண்டும். கோடையில் இடி மழைக்கு மின்சாரம் போனால், காப்பிட்ட அறை மாட்டின் உடம்புச் சூட்டிலேயே புழுங்கத் தொடங்கும். ஜெனரேட்டர் அல்லது எழுந்து ஓட ஒரு ஆள், இரண்டில் ஒன்று எப்போதும் வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் குளிப்பாட்டலும் பிரஷ்ஷும் குறையப்போவதில்லை.

அப்புறம் கண்காட்சி வாரம். கொட்டகையில் இருப்பது விசிறி மட்டும்தான். ஜூலை அயோவாவில் சோளக்காடுகளே ஈரத்தை மூச்சாக விட்டுக்கொண்டிருக்கும். வெப்பத்துக்கு மாட்டின் உடம்பு பழக இரண்டு மூன்று வாரமாவது ஆகும். குளிர் அறையிலிருந்து நேராக வந்த மாடு வாயைத் திறந்து இரைக்கும், தீவனத்தைத் தொடாது, வயிறு ஒட்டிப்போகும். வயிறு ஒட்டிய ஸ்டியரின் மேல் எவ்வளவு முடி இருந்து என்ன? அனுபவசாலிகள் கடைசி வாரங்களில் அறையின் வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்குகிறார்கள். நான் இதைப் பக்கத்துப் பண்ணைகளில் பார்த்ததோடு சரி, செய்ததில்லை.

எங்கள் வழியில் மாடு இரவு முழுக்க வெளியே, பகலில் கொட்டகையில். இருட்டிய கொட்டகை கறுப்பு முடி வெயிலில் செம்பட்டையாகாமல் காக்கிறது. (தாமிரச் சத்து குறைந்தாலும் முடி செம்பட்டையாகும்; தாது உப்பையும் பாருங்கள்.) காலையில் கட்டிவைத்து அதன் மேல் தண்ணீர் பீய்ச்சுவோம். மேல்முடி மட்டும் நனைந்தால் போதாது. விரலை விட்டுப் பார்த்தால் தோல் ஈரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சூடு உள்ளேயே தங்கும். சோப்பு வாரத்துக்கு ஒருமுறை போதும், தினமும் போட்டால் முடியின் எண்ணெய்ப்பசை போய்விடும். பிறகு சீப்பால் முன்னோக்கி, சற்று மேல்நோக்கி வாரி, அதே சாய்வில் ப்ளோயரை, அதாவது குழாய் வழியே காற்றை ஊதும் கருவியை, பிடித்து உலர்த்தவேண்டும். குழாய் முனையை முன்னும் பின்னும் ஆட்டினால் முடி சுழி சுழியாகக் கிடக்கும். ஒரே திசையில் மெதுவாகப் போனால், செத்த முடியும் பொடுகும் பறக்க, அடிமுடி வெளுப்பாகப் பிரிந்து தெரியும். மாலையில் மறுபடி இதே வேலை.

ஒரு நாள் விட்டால் மறுநாளே தெரிகிறது. இதுதான் எங்கள் வழியின் பெரிய குறை. வீட்டில் பள்ளி, விளையாட்டு, வேலை என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தால் இது நடக்காது.

இனமும் பாதியைத் தீர்மானிக்கிறது. மெய்ன்-ஆன்ஜூ, ஷார்ட்ஹார்ன் போன்ற இனங்களின் ரத்தம் இருந்தால் முடி வரும், விசிறி போதும். பிறவியிலேயே குட்டை முடி உள்ள கன்றை வாங்கிவிட்டு, கோடை முழுக்க ஷோ ஷோவாகப் போவதாக இருந்தால் குளிர் அறைக்கு நியாயம் இருக்கிறது. தெற்கே ஒக்லஹோமா வெயிலில் என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். நவம்பரில் லூயிவில் ஷோவுக்கோ ஜனவரியில் டென்வர் ஷோவுக்கோ போகிறவர்களுக்கு வானிலையே பாதி வேலையைச் செய்துவிடும்.

பணம் கொஞ்சம்தான் இருந்தால் முதலில் நல்ல ப்ளோயர், அடுத்து விசிறி. அதற்கும் முன்னால் உங்கள் கவுண்டியின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். சில இடங்களில் பசை தடவிக் கால் முடியை நிறுத்த அனுமதி கிடையாது, ஊதி உலர்த்தி அப்படியே களத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே முடி எவ்வளவு நீளம் என்பதைவிட, சொன்ன பக்கம் நிற்கப் பழகியிருக்கிறதா என்பதுதான் நடுவர் கண்ணில் படும். அந்தப் பழக்கம் பிரஷ்ஷால் வருவது.