மண்டபம் காற்றில் ஒரு பறக்கும் பிளாக் பொம்மை: 14 மாத அனுபவம்

எங்கள் ஊர் பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊரான மண்டபம். போன வருசம் மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாதம், என் ஒன்பது வயது மகனுக்கு இந்தப் பறக்கும் பொம்மையை வாங்கிக் கொடுத்தேன். லெகோ மாதிரியான பிளாக் செட், நாற்பத்துச் சொச்சம் துண்டுகள். மூன்று இறக்கை உள்ள விசிறி, இறக்கை நுனிகளைச் சேர்த்துச் சுற்றி ஒரு வளையம், நடுவில் குட்டி ஆள் உட்கார ஓர் இடம். கைப்பிடிக்குள் பல்சக்கரம் இருக்கிறது. பல் வெட்டிய பட்டையைச் சொருகி வெடுக்கென்று இழுத்தால் விசிறி சுழன்று கிளம்பிவிடும். பேட்டரியும் இல்லை, சார்ஜும் இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

வாங்கிய மாதம்தான் சரியில்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. மொட்டை மாடியில் முதல் இழுப்பிலேயே பக்கத்துக் காலியிடத்துச் சீமைக் கருவேலத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. எடுக்கப் போன எனக்குக் கையெல்லாம் கீறல். "ரயிலையே நிப்பாட்டுற காத்துடா இது" என்று பேரனிடம் சொன்னார் அப்பா. அவர் முப்பது வருசம் நாட்டுப்படகில் போனவர். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. அதைத்தான் சொன்னார்.

சரி, காற்று குறைவான இடமாகப் பார்ப்போம் என்று வடகடல் பக்கம் போனோம். கச்சான் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். நான் அந்தத் தண்ணீரை நம்பிவிட்டேன். கடல் அமைதியாக இருந்ததற்குக் காரணம் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்ததுதான். பொம்மை அழகாக எழும்பி, அப்படியே கடலுக்குள் போனது. இந்த வகைப் பிளாக்குகளை வார்க்கிற ஏபிஎஸ் பிளாஸ்டிக் கடல் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அதனால் மூழ்கியும் மூழ்காமலும் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் பிடித்துவிட்டார். ஆமையும் கடற்பசுவும் மேயும் கடல் இது. நம் வீட்டுப் பிளாஸ்டிக் அதில் போய்ச் சேரக் கூடாது. கச்சானில் வடகரையில் பறக்கவிடுவதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவை இன்றுவரை மீறவில்லை.

நன்றாகப் பறந்தது அக்டோபர் தொடக்கத்தில்தான். கச்சான் ஓய்ந்து வாடை இன்னும் பிடிக்காத அந்தச் சில நாள் காலைகளில் மாடி உயரத்துக்கும் மேலே நேராகப் போனது. ஐந்து எண்ணுவதற்குள் இறங்கிவிடும். ஆனால் தொப்பென்று விழாது. வெளி வளையத்தில் இருக்கும் கனம் சுழற்சியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விசிறி சுற்றிக்கொண்டே பைய இறங்கும். பிப்ரவரி, மார்ச்சிலும் இதே சுகம்.

லேசான காற்றில்கூட ஏன் சாய்கிறது என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். காற்றை எதிர்த்து வரும் இறக்கைக்குத் தூக்குவிசை கூடுகிறது, காற்றோடு போகும் இறக்கைக்குக் குறைகிறது. அப்புறம் எப்படி நேராக நிற்கும்? ஸ்பெயினின் ஹுவான் தெ லா சியர்வா இறக்கைகளைக் கீல் வைத்து மேலும் கீழும் அசையவிட்டு இதைச் சமாளித்தார். அவருடைய ஆட்டோகைரோ, அதாவது காற்றில் தானாகச் சுழலும் விசிறியால் எழும்பும் விமானம், 1923இல் பறந்தது. இந்தப் பொம்மையில் கீல் இல்லை, காற்று இல்லாத நேரம்தான் மருந்து.

பிளாக் செட் என்பதன் அருமை போகப் போகத்தான் தெரிந்தது. குட்டி ஆளை எடுத்துவிட்டால் உயரம் கூடுகிறது. நடுவில் எட்டுக் குமிழ் பிளாக் ஒன்றை, இரண்டரை கிராம் இருக்குமோ என்னவோ, செருகினால் தலை உயரம்கூடப் போவதில்லை. ஒரு ஓரமாக ஒட்டினால் கிளம்பும்போதே உதறுகிறது. இதையெல்லாம் மகன் தானாகவே கழற்றி மாட்டிக் கண்டுபிடித்தான். முழுசாக வார்த்து வரும் பறக்கும் பொம்மையில் இது நடக்காது.

பராமரிப்பில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. பல்சக்கரம் கரகரத்ததும் தேங்காய் எண்ணெய் விட்டேன். எண்ணெயில் மணல் ஒட்டி அரைபட்டு, பட்டையின் நடுப் பற்கள் நான்கு மழுங்கிவிட்டன. இப்போது இழுக்கும்போது அந்த இடத்தில் 'டக்'கென்று வழுக்குகிறது. எண்ணெயே வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, பழைய டூத் பிரஷால் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

ஒன்பதாம் மாதம் ஓர் இறக்கை வேரில் விரிசல் விட்டது. விசிறி மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. ராமநாதபுரம் கடைகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். பசை போட்டு ஒட்டியிருக்கிறோம், பறக்கிறது, பழைய உயரம் இல்லை. வாங்க நினைப்பவர்கள் உபரி விசிறி உள்ள செட்டாகப் பார்த்து வாங்குங்கள். பிளாக்குகள் இன்னும் இறுக்கமாகத்தான் பிடிக்கின்றன. வெயிலில் கிடந்த வெள்ளைத் துண்டுகள் மட்டும் மஞ்சளடித்துவிட்டன.

இறக்கை உடைந்த அன்று அப்பா பனையோலையைக் கிழித்து, உடைமர முள் குத்தி, ஒரு காற்றாடி செய்து கொடுத்தார். அதை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி வைத்திருக்கிறான் மகன். காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் போய்ப் பார்க்கிறான். ஓலை கிறுகிறுவென்று சுற்றினால் பொம்மை டப்பாவிலேயே இருக்கும். அசையாமல் நின்றால் என்னை எழுப்ப வருவான்.