மீன்தொட்டி ஹீட்டர்: மூன்று ஆண்டு ஓடிய பிறகு தெரிவது

கண்ணாடிக் குழாய் ஹீட்டர் எதுவானாலும் முதல் சில மாதங்கள் ஒழுங்காகத்தான் ஓடும். 26 டிகிரியில் வைத்தால் அதை ஒட்டியே நிற்கும். அதன் குணம் தெரிய இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஆகவே வாங்கும்போதே யோசிக்க வேண்டியது, இது கெட்டுப்போனால் எப்படிக் கெடும் என்பதைத்தான்.

சாதாரண ரகங்களுக்குள் இருப்பது பெரும்பாலும் இரட்டை உலோகத் தகடு தெர்மோஸ்டாட், அதாவது வெப்பத்துக்கேற்ப மின்சாரத்தை நிறுத்தித் திரும்பத் தரும் சுவிட்ச். சூடேறினால் தகடு வளைந்து தொடுமுனையைப் பிரிக்கும். நீர் ஆறினால் மறுபடி சேரும். பிரியும்போதும் சேரும்போதும் முனையில் ஒரு பொடிப் பொறி தெறிக்கும். நாள்தோறும் பலமுறை இப்படித் தெறித்துத் தெறித்து முனை கரிந்து குழி விழுகிறது. பிறகு ஒருநாள் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்கின்றன. அதோடு ஹீட்டர் அணையவே அணையாது. முன்கூட்டியே ஓர் அடையாளம் தெரிய வாய்ப்புண்டு: சுத்தமாக ஒரே ஒரு ‘டிக்’ கேட்க வேண்டிய இடத்தில் ‘ர்ர்ர்’ என்று நடுங்கும் சத்தம் வரும், சிவப்பு விளக்கு சிமிட்டும். அதைப் பார்த்த அன்றே மாற்றிவிடுங்கள். குழாய்க்குள் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலும் அப்படியே. காயவைத்துத் திரும்பப் போடுவது மின்சாரத்தோடு விளையாடுவது.

வாட் கணக்குக்கு வருவோம். அறை வெப்பத்தைவிட 5 டிகிரி கூடுதலாக வைக்க லிட்டருக்கு 1 வாட் போதும். ‘இருக்கட்டுமே’ என்று பெரிதாக வாங்குவதுதான் மீன்களைக் கொல்கிறது. 100 லிட்டர் நீரை 1 டிகிரி ஏற்ற சுமார் 116 வாட்-மணி வேண்டும். 300 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டால் 23 நிமிடத்தில் 1 டிகிரி. அறைக்குப் போகும் இழப்பைக் கழித்தாலும், இரவு படுத்து எழுவதற்குள் தொட்டி 33-ஐத் தாண்டிவிடும். அதே தொட்டியில் 100 வாட் என்றால் 1 டிகிரிக்கு 70 நிமிடத்துக்கு மேல் ஆகும். காலையில் கவனித்து பிளக்கைப் பிடுங்க நேரம் கிடைக்கும். அதைவிட நல்லது 50 வாட்டில் இரண்டு. ஒன்று ஒட்டிக்கொண்டால் தனியாகத் தொட்டியை வேகவைக்க அதற்கு வலு கிடையாது. ஒன்று செத்தால் மற்றது ஓரளவு தாங்கும்.

தனி கன்ட்ரோலர், அதாவது நீரில் போட்ட சென்சாரால் வெப்பத்தை அளந்து ஹீட்டருக்கு மின்சாரம் தரும், நிறுத்தும் கருவி, சேர்ப்பது செலவுக்குத் தகுந்தது. கன்ட்ரோலரில் 26, ஹீட்டரில் 28 என்று வைக்க வேண்டும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட் 28-இல் நிறுத்தும். ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு: சென்சாரைப் பிடித்திருக்கும் சக்‌ஷன் கப் நாளடைவில் கல்போல இறுகி, கண்ணாடியை விட்டுவிடும். சென்சார் வெளியே தொங்கினால் அது அறைக்காற்றை அளக்கும், ‘இன்னும் குளிர்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஹீட்டரோ ஓய்வில்லாமல் எரியும். வயரைத் தொட்டி விளிம்பில் ஒரு கிளிப் போட்டு இறுக்கிவிடுங்கள்.

ஹீட்டருக்குச் சரியான இடம் ஃபில்டர் நீர் பாயும் பாதை. நீரோட்டம் இல்லாத மூலையில் வைத்தால் சுற்றியுள்ள நீர் மட்டும் சூடாகி, மறுகோடி 2 டிகிரி குறைவாகக்கூட நிற்கும். தெர்மாமீட்டரை ஹீட்டருக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். வெளிக்கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டையை நம்பி மருந்து, வெப்பம் எதையும் முடிவு செய்யாதீர்கள். அறைவெப்பம் அதைக் குழப்பும். முழுக்க மூழ்கும் ரகமானால் கிடைமட்டமாக, அடிப்பக்கம் வைப்பதே நல்லது. நீர் ஆவியாகி மட்டம் இறங்கினாலும் குழாய் வெளியே தெரியாது.

தண்ணீர் மாற்றும்போதுதான் கண்ணாடி அதிகம் உடைகிறது. பிளக்கைப் பிடுங்கி 15 முதல் 20 நிமிடம் காத்திருந்து, பிறகே நீரை இறக்குங்கள். புது நீர் தொட்டி நீரோடு 1 டிகிரிக்குள் ஒத்திருக்கட்டும். சட்டென்று 3, 4 டிகிரி இறங்கினால், பல சமயம் சில நாளில் வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டும். குழாயில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள், சுரண்டாதீர்கள். வயர் பிளக்குக்கு ஏறும் முன் கொஞ்சம் கீழே தொங்கி வளையட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வெயில் காலத்தில் பிரச்சினை தலைகீழ். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30-இல் அது 7.5 ஆகிறது. மீனுக்கோ அப்போதுதான் மூச்சு அதிகம் வேண்டும். மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டு போகும்படி சிறு விசிறி வைத்தால் 2 முதல் 4 டிகிரி குறையும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. குறையும் நீரை, குளோரின் நீக்கிய நீரால் தினமும் நிரப்ப வேண்டும். ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டால் வெப்பம் இறங்கி ஏறி மீனை வதைக்கும். 29-இல் நிலையாக இருப்பதே பல மீன்களுக்கு அதைவிட மேல்.

எந்த அளவில் வைப்பது என்பது மீனைப் பொறுத்தது. கப்பி, பெட்டா, ஏஞ்சலுக்கு 25, 26. டிஸ்கஸுக்கு 28 முதல் 30. தங்கமீனுக்கு 18 முதல் 22. அதற்குப் பெரும்பாலும் ஹீட்டரே தேவைப்படாது.

வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி வயரில் ஒட்டிவிடுங்கள். தெர்மோஸ்டாட் ரகத்தை மூன்றாம் ஆண்டு முடிவில், ஓடிக்கொண்டிருந்தாலும் கழற்றிவிடலாம்.