நாற்பதுக்குப் பின் ஏறும் எடை: நடைப்பயிற்சியா, தசைப்பயிற்சியா?

பழைய ரவிக்கையின் ஓரத் தையலைப் பிரித்துவிட்ட பிறகும் கை நுழையாதபோதுதான், ஆண்டுக்கு அரைக் கிலோவாகச் சேர்ந்த எடை பலருக்கும் உறைக்கிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் கொழுப்பு வயிற்றைச் சுற்றிப் படிகிறது. வயதோடு தசையும் குறைவதால், முன்பு அளவாக இருந்த அதே சோறு இப்போது மிகுதியாகிவிடுகிறது.

செலவு: நடைக்கு நல்ல காலணி போதும். தசைப்பயிற்சிக்கு உடற்பயிற்சிக் கூடம் கட்டாயமென்பது தவறான எண்ணம்; தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஏறக்குறைய ஒரு கிலோ எடைதான், நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதற்கோ காசே வேண்டாம்.

நேரம்: உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், 2 நாள் தசைப்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது.

எளிமை: நடையை இன்றே தொடங்கலாம். எடை தூக்கும் முறையைத் தெரிந்தவரிடம் ஒருமுறையாவது கற்றுக்கொள்ளாவிட்டால் முதுகு பிடித்துக்கொள்ளக்கூடும்.

பலன்: நடை இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் பேச முடிந்தும் பாட முடியாத வேகம் வேண்டும், தோழியோடு ஊர்க்கதை பேசி நடப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கரையும் தசையையும் எலும்பின் வலிமையையும் காப்பதில் தசைப்பயிற்சியே முந்துகிறது.

இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கும், சாப்பிட்டபின் சர்க்கரை ஏறுபவர்களுக்கும் நடையே முதற்படி. மாதக்கணக்கில் நடந்தும் இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்காதவர்கள் தசைப்பயிற்சியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில வாரங்களிலேயே எடை விறுவிறுவென ஏறினால், இரண்டுக்கும் முன்னதாகத் தைராய்டு பரிசோதனை தேவை.