ஐந்து துளை உருண்டையும் அந்தச் சிவப்பு ஆக்சிஜனும்

மூலக்கூறு மாடல் செட் வாங்கலாமா என்று ஏற்காட்டில் பாடம் எடுக்கும் தோழி கேட்டிருந்தார். சேலத்தில் பிளஸ் ஒன் டியூஷனுக்குப் பல வருடமாக நான் புழங்கும் செட்தான்: அணுவுக்குத் துளை போட்ட உருண்டை, பிணைப்புக்குக் குச்சி. குச்சிகள் தளர்ந்துவிட்டன, சிலது முறிந்தும் போயின. அதெல்லாம் பரவாயில்லை.

என் ஆத்திரம் சிவப்பு உருண்டை மேல். ஆக்சிஜனுக்கு இரண்டே துளை, அதையும் சாய்வாகவே போட்டிருக்கிறார்கள். ஹைட்ரஜனைச் செருகினால் தண்ணீர் வளைந்து நிற்கும். "ஏன் மிஸ் வளையுது?" என்று கேட்கும் பிள்ளைக்கு அந்த உருண்டையில் பதில் இல்லை. வளைப்பதே ஆக்சிஜனிடம் பிணைப்பில் சேராமல் இருக்கும் இரண்டு தனித்த எலக்ட்ரான் இரட்டைகள்தானே! 1957-ல் கில்லெஸ்பி, நைஹோம் என்ற வேதியியலாளர்கள் விளக்கியது இதைத்தான்: மைய அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி முடிந்தவரை தள்ளி நிற்கும். பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கள் பிடித்திருக்கின்றன. தனித்த இரட்டைக்குப் பிடி ஒரே அணு; அது அகலப் பரவிப் பக்கத்துப் பிணைப்புகளை நெருக்கும். அதனால்தான் பிணைப்புக் கோணம் தனித்த இரட்டையே இல்லாத மீத்தேனில் 109.5°, ஒன்று உள்ள அம்மோனியாவில் 107°, இரண்டு உள்ள தண்ணீரில் 104.5°. இப்போது கருப்புக் கார்பன் உருண்டையையே ஆக்சிஜனாக வைத்து, காலியான இரண்டு துளையிலும் களிமண் உருட்டி வைக்கிறேன். நான்கு துளைச் சிவப்பு கேட்டதற்கு, "சிலபஸுக்கு இது போதும் மேடம்" என்றார் விற்றவர். போதாது.

ஆனால் ஐந்து துளை உருண்டை இருக்கிறதே! மேலே ஒன்று, கீழே ஒன்று, இடுப்பைச் சுற்றி மூன்று. சல்ஃபர் டெட்ராஃபுளூரைடில் நான்கு ஃபுளூரின், ஒரு தனித்த இரட்டை. அந்த இரட்டை எங்கே உட்காரும்? மேல் துளை என்றால் 90°-யில் மூன்று பிணைப்புகள் இடிக்கும், இடுப்பில் இரண்டுதான். பிள்ளைகள் விரல் வைத்து எண்ணி, அவர்களே இடுப்பைக் காட்டுகிறார்கள். மூன்று ஃபுளூரினும் இரண்டு தனித்த இரட்டையும் உள்ள குளோரின் ட்ரைஃபுளூரைடு வரும்போது நான் வாயே திறப்பதில்லை. இரண்டு இரட்டையையும் இடுப்பில் வைத்துவிட்டு, "மிஸ், டி வடிவம்!" என்று கத்துகிறார்கள்.

மூன்று துளை உருண்டையும் நல்லதுதான். நம்மூர் வெள்ளைக்கல்லில், அதாவது மேக்னசைட்டில், இருக்கும் கார்பனேட் ஏன் தட்டை முக்கோணம் என்று சட்டென்று புரியும். அங்கே கார்பனிடம் தனித்த இரட்டை கிடையாது.

இருந்தும் தோழிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். பிள்ளை முதலில் செய்து பார்ப்பது தண்ணீரைத்தான். அதிலேயே காரணத்தை மறைக்கும் செட்டுக்குக் காசு கொடுக்கச் சொல்ல மனசு வரவில்லை. நான்கு பலூனை ஒரே முடிச்சில் கட்டுங்கள், மீத்தேனின் நான்முகி வடிவம் தானாக வரும். தனித்த இரட்டைக்கு வேறு நிற பலூன் போதும். ஐந்து துளை உருண்டை என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, சேலம் இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.